கடனும் கட்டளையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



பன்னாட்டு நிதி நிறுவனங்கள் நாடுகளுக்கு உதவியும் கடனும் வழங்கும் முறை பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். வாஷிங்டன் நகரில் நடைபெறும் கொடுக்கல் வாங்கலுக்கும் நம் குடியிருப்புகளுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், கடன் என்றால் என்ன என்பதை நம் மக்களைவிட நன்கு அறிந்தோர் இந்நாட்டில் இலர். பண்ணையில் நெல்லோ பணமோ கடனாகப் பெற்று, கைநாட்டு வைத்து, அக்கடனுக்காகத் தம் உழைப்பையும் தம் பிள்ளைகளின் உழைப்பையும் ஈடாக வைத்த தலைமுறைகள் நமக்கு முன்னே வாழ்ந்திருக்கின்றன. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்களை இல்லாதனவாக்கியது. அத்தலைமுறைகள் பட்ட பாடு நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. கடனின் சுமை வட்டியில் மட்டும் இல்லை. கடனோடு சேர்ந்து வரும் நிபந்தனையில்தான் பெரிதும் இருக்கிறது. நிபந்தனையை எழுதியவன் ஒருவன். அதைச் சுமந்தவன் மற்றொருவன்.

நாடும் பண்ணையாளும் ஒன்றல்ல. நாட்டுக்கு அரசு உண்டு, சட்டமன்றம் உண்டு, மறுத்துப் பேசும் வாய் உண்டு. எனினும், நிபந்தனையை எழுதுவோர் யார், சுமப்போர் யார் என்னும் கேள்வி நாடுகளுக்கும் பொருந்துவதே. அக்கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டே இப்பொருளை ஆராய்வோம்.

இரு நிறுவனங்களின் தோற்றம்

இரண்டாம் உலகப் போர் முடிவடையும் தறுவாயில், 1944-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் என்னும் ஊரில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். அம்மாநாட்டின் விளைவாகவே பன்னாட்டு நாணய நிதியமும், உலக வங்கி என இன்று அழைக்கப்படும் நிறுவனமும் பிறந்தன. இந்தியா அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தபோதிலும் தனிப் பேராளர் குழுவை அனுப்பியது. பின்னர் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார் அக்குழுவில் ஒருவர். ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்தோ எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நான்கு நாடுகளே கலந்துகொண்டன. ஏனைய ஆப்பிரிக்க மக்கள் அடிமை நாட்டினராக இருந்தமையால் அவர்களுக்கு அங்கே இருக்கை இல்லை. பிற்காலத்தில் எந்த மக்கள் மிகுதியாகக் கடன் வாங்க நேர்ந்ததோ, அம்மக்கள் இல்லாத அவையில் விதிகள் எழுதப்பட்டன என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

நிதியம் செய்வது என்ன? ஒரு நாடு வெளிநாட்டிலிருந்து எண்ணெயும் மருந்தும் இயந்திரமும் வாங்க வேண்டுமாயின், தன் சொந்த நாணயத்தைக் கொடுத்து வாங்க இயலாது. டாலர் போன்ற அந்நியச் செலாவணி தேவை. ஏற்றுமதி குறைந்தோ இறக்குமதி விலை ஏறியோ அச்செலாவணி தீர்ந்துபோகும் வேளையில், நெருக்கடியைக் கடப்பதற்குக் கடன் தருவது நிதியத்தின் பணி. உறுப்பு நாடுகள் தத்தம் பொருளாதார அளவுக்கேற்பச் செலுத்திய பங்குத் தொகையே இதற்கு முதல். கடன் கோரும் நாட்டின் நிதியமைச்சரும் நடுவண் வங்கியின் ஆளுநரும் தாங்கள் செய்யப்போகும் மாற்றங்களை ஒரு கடிதமாக எழுதிக் கையொப்பமிடுவர். நாணய மதிப்பைக் குறைத்தல், வரவு செலவுப் பற்றாக்குறையைக் கட்டுப்படுத்தல், மானியங்களைக் குறைத்தல், பொதுத்துறை நிறுவனங்களைச் சீரமைத்தல் அல்லது விற்றல் போன்றவை அதில் இடம்பெறும். கடன் முழுவதும் ஒரே நாளில் வருவதில்லை. தவணை தவணையாக வரும். கடிதத்தில் கூறியபடி நடந்ததா என்று ஒவ்வொரு தவணைக்கு முன்பும் ஆய்வு நடைபெறும்; நடக்கவில்லையெனில் அடுத்த தவணை நிற்கும்.

உலக வங்கியின் முறை வேறு. போரினால் அழிந்த ஐரோப்பாவைக் கட்டியெழுப்புவதே அதன் முதல் நோக்கம். 1947-இல் பிரான்சு நாட்டிற்கு 25 கோடி டாலர் வழங்கியதே அதன் முதற்கடன். 1949-இல் இந்திய இரயில்வேக்காக 3 கோடியே 40 இலட்சம் டாலர் வழங்கிற்று. நம் நாடு அவ்வங்கியிடம் பெற்ற முதற்கடன் அதுவே. அணை, மின்நிலையம், சாலை, குடிநீர், பள்ளி போன்ற திட்டங்களுக்கு நீண்ட காலக் கடன் தருவது அதன் வழக்கம்; கொள்கை மாற்றங்களுக்காகத் தரும் கடனும் உண்டு. உலகச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்று அது பணம் திரட்டுகிறது. ஏழை நாடுகள் அவ்வட்டியைத் தாங்க இயலாமையால், 1960-இல் பன்னாட்டு வளர்ச்சிச் சங்கம் என்னும் துணை அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. செல்வ நாடுகள் தரும் நன்கொடையைக் கொண்டு, மிகக் குறைந்த கட்டணத்தில், 30, 40 ஆண்டுத் தவணையில் அது கடன் தருகிறது. மிக வறிய நாடுகளுக்கு மானியமும் தருகிறது. பல ஆண்டுகள் அதனிடம் மிகுதியாகக் கடன் பெற்ற நாடு இந்தியாவே. 2014-இல் அத்தகுதி நிலையினின்று இந்தியா வெளியேறியது.

இங்கே ஒரு சொல்லை விளக்குவது நம் கடமை. "உலக வங்கி உதவியுடன்" என்று எழுதிய பலகைகளை நாம் ஊர்தோறும் காண்கிறோம். உதவி என்றதும் இனாம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை கடனே. அதைத் திருப்பிச் செலுத்துவது அரசின் கருவூலம். கருவூலத்தை நிரப்புவது தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி செலுத்தும் நம் தாய்மாரும்கூட. ஆகவே, அத்திட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது நன்றி மறந்த செயலன்று. உரிமையாளரின் கேள்வியே ஆகும்.

யாருக்கு எத்தனை வாக்கு?

நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் எத்தனைப் பங்கு வைத்திருப்பினும் அவருக்கு ஒரு வாக்குதான். ஒரு மனிதனுக்கு ஒரு வாக்கு என்னும் கொள்கையையே அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு நம் அரசியல் சட்டத்தில் பொறித்தது. நிதியத்திலும் வங்கியிலும் அக்கொள்கை இல்லை. பெரும்பாலும் பங்குக்கேற்பவே வாக்கு. நிதியத்தில் அமெரிக்காவிற்குச் சுமார் 16.5 விழுக்காடு வாக்கு உண்டு; இந்தியாவிற்குச் சுமார் 2.6 விழுக்காடு. பங்குகளை மாற்றியமைத்தல் போன்ற முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காடு வாக்கு தேவை. எனவே, அமெரிக்கா ஒன்று மறுத்தால் அம்முடிவு நிறைவேறாது. சகாராவிற்குத் தெற்கிலுள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நிதியத்தின் செயற்குழுவில் நெடுங்காலம் இரண்டே இயக்குநர்கள் இருந்தனர். மூன்றாவது இருக்கை கிடைத்தது 2024 நவம்பரில்தான். கடன் வாங்குவோர் அவையில் சிறுபான்மையினர் என்பதே இதன் பொருள்.

தான்சானியாவின் படிப்பினை

இம்முறை மக்களின் வாழ்வில் எவ்வாறு நுழைகிறது என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியாவை எடுத்துக்கொள்வோம். அது நம் கல்விக் கழகம் சிறப்பாக அறியவேண்டிய வரலாறு. ஏனெனில் அது பள்ளிக்கூடத்தின் வாயிலில் நிகழ்ந்த வரலாறு.

அந்நாட்டின் தலைவர் ஜூலியஸ் நைரேரே அரசியலுக்கு வருமுன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1967-இல் அருஷா அறிக்கையின் வாயிலாகச் சமதர்மப் பாதையை அறிவித்தார். 1970-களில் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கி, அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்னும் இயக்கத்தை நடத்தினார். 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் தொடக்கப் பள்ளிச் சேர்க்கை 90 விழுக்காட்டைத் தாண்டியது. வறிய நாடொன்றில் இது அரிய செயல்.

ஆனால் அதே காலத்தில் துன்பங்கள் வரிசையாக வந்தன. 1973-இலும் 1979-இலும் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறிற்று. காப்பியின் விலை சரிந்தது. 1978-79-இல் உகாண்டாவின் இடி அமீனுடன் போர் மூண்டது. அரசின் சொந்த நிருவாகத்திலும் குறைகள் இருந்தன. அரசு நிறுவனங்கள் பல நட்டத்தில் ஓடின. கட்டாயக் குடியேற்றத்தால் வேளாண்மை சீர்குலைந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. நிதியத்தை நாடியபோது, நாணய மதிப்பைக் குறைக்கவும் செலவைச் சுருக்கவும் அது கோரியது. நைரேரே மறுத்தார். எங்கள் நாட்டின் கொள்கையை வகுக்கும் உரிமையை நிதியத்திற்கு யார் கொடுத்தது என்று 1980-இல் அவர் பிறநாட்டுத் தூதர்கள் முன்னிலையில் வெளிப்படையாகவே வினவினார். ஆயினும் வினா வயிற்றை நிரப்பவில்லை. கடைகள் வெறுமையாயின. 1985-இல் அவர் பதவி விலகினார். 1986-இல் அடுத்த அரசு நிதியத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது.

கருவூலம் வறண்டு, கடன் கொடுப்போர் சிக்கனத்தை வலியுறுத்திய அக்காலத்தில், பள்ளிக் கட்டணம் மீண்டும் வந்தது. "செலவில் பங்கேற்பு" என்று அதற்கு அழகிய பெயர் சூட்டப்பட்டது. தொகை சிறியதே. ஆனால் நான்கு பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டில் அத்தொகை சிறியதன்று. எந்தப் பிள்ளையை நிறுத்துவது என்னும் கேள்வி எழுந்தால் முதலில் நிறுத்தப்படுபவள் யார் என்பதை இவ்வவையில் உள்ள தாய்மார் அறிவர். 1990-களில் சேர்க்கை 80 விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. பழைய கடனுக்கான தவணையோ நிற்காமல் சென்றுகொண்டிருந்தது.

பின்னர் நிலை மாறியது. அது தானாக மாறவில்லை. யூத மக்களின் பழைய வேதத்தில், ஐம்பதாம் ஆண்டு யூபிலி ஆண்டு எனக் கூறப்பட்டுள்ளது. அவ்வாண்டில் கடனால் அடிமையானோர் விடுதலை பெறுவர். இழந்த நிலம் உரியவரிடம் திரும்பும். வெள்ளி விழாவை யூபிலி என வழங்கும் வழக்கத்தின் வேரும் அதுவே. அப்பெயரைத் தாங்கி, "யூபிலி 2000" என்னும் இயக்கம், ஏழை நாடுகளின் தீராக் கடனை நீக்குக எனக் குரல் எழுப்பியது. 1998-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் செல்வ நாட்டுத் தலைவர்கள் கூடியபோது, பல்லாயிரம் மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். பெருங்கடன் சுமந்த ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டத்தை நிதியமும் வங்கியும் 1996-இல் தொடங்கியிருந்தன. மக்கள் இயக்கத்தின் அழுத்தத்தால் 1999-இல் அது விரிவாக்கப்பட்டது. தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை விதிக்கும் கடன்களை அமெரிக்கப் பிரதிநிதிகள் எதிர்க்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமே 2000-இல் சட்டம் செய்தது.

2001-இல் தான்சானியா கடன் நிவாரணத்தைப் பெற்றது. தொடக்கக் கல்விக் கட்டணத்தையும் நீக்கியது. அவ்வாண்டு சுமார் 48 இலட்சமாக இருந்த தொடக்கப் பள்ளி மாணவர் தொகை 2005-இல் 75 இலட்சத்தை எட்டியது. வகுப்பறையும் ஆசிரியரும் போதாமல் இடர்ப்பாடுகள் எழுந்தன என்பதும் உண்மையே. ஆனால் ஒன்று ஐயமின்றி விளங்கிற்று. அக்குழந்தைகள் கல்வியில் நாட்டமின்றி வெளியே நின்றவர்கள் அல்லர். கட்டணம் என்னும் வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

கடன் தள்ளுபடி என்றால் ஏழைகளுக்கு இடும் பிச்சை என்று கருதுவோர்க்கு ஒன்று சொல்வோம். 1953-இல் இலண்டனில் ஏற்பட்ட உடன்படிக்கையால், மேற்கு ஜெர்மனியின் வெளிநாட்டுக் கடனில் ஏறத்தாழப் பாதி நீக்கப்பட்டது. உலகப் போரை மூட்டிய நாட்டிற்கே அச்சலுகை பொருத்தமெனில், குழந்தைகளைப் படிக்கவைக்க முயன்ற நாட்டிற்கு அது பொருந்தாதா?

குற்றம் முழுவதையும் கடன் கொடுத்தோர் மீதே சுமத்துதலும் நேர்மையன்று. ஜைர் நாட்டின் நடுவண் வங்கிக்கு நிதியத்தின் சார்பில் அனுப்பப்பட்ட எர்வின் புளூமென்தால், அதிபர் மொபுட்டுவின் ஆட்சியில் ஊழல் ஊறிக்கிடப்பதையும், கொடுத்த பணம் திரும்ப வாராது என்பதையும் 1982-இல் எழுதி எச்சரித்தார். அதன் பின்னும் கடன் தொடர்ந்து வழங்கப்பட்டது. வாங்கியவர் ஆட்சியாளர், அறிந்தே கொடுத்தவர் வெளியார், கடனாளி ஆனவர்களோ இருவரையும் தேர்ந்தெடுக்காத மக்கள்.

நம் நாட்டில்

1991-இல் இந்தியாவிற்கும் நெருக்கடி வந்தது. சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான செலாவணி கையிருப்பில் இருந்தது. ரிசர்வ் வங்கியின் 47 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிகளிடம் அடகு வைக்கப்பட்டது. நிதியத்திடம் கடன் பெறப்பட்டது. ஜூலைத் தொடக்கத்தில் இரு தவணையாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. உர விலை உயர்ந்தது. பொதுத்துறைப் பங்குகள் விற்பனைக்கு வந்தன. அக்கடனை நாடு 2000-ஆம் ஆண்டிற்குள் தீர்த்துவிட்டது. அதன்பின் நிதியத்திடம் கடன் பெறவில்லை. ஆயினும் அன்று தொடங்கிய பாதை தொடர்கிறது. அதனால் தொழில் வளர்ந்தது என்பர். அதை நாம் மறுக்கவில்லை. நம் சமுதாயத்தின் நிலையிலிருந்து ஒன்றை மட்டும் கேட்கிறோம். இட ஒதுக்கீடு பொதுத்துறைக்கு உரியது. தனியார் துறையில் அதற்குச் சட்டம் இல்லை. பொதுத்துறை சுருங்கும்போது, நம் பிள்ளைகளுக்கு அரசியல் சட்டம் திறந்துவைத்த கதவும் சேர்ந்தே சுருங்குகிறது. அம்முடிவுகள் எடுக்கப்பட்ட மேசைகளில் இக்கேள்வியை எழுப்ப நம்மவர் எத்தனை பேர் இருந்தனர்?

அண்ணல் அம்பேத்கர் 1923-இல் வெளியிட்ட ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கம் எவர் வீட்டு அடுப்பைப் பாதிக்கும் என்பதை ஆராய்ந்து, பின்னர் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியமும் அளித்தார். பொருளாதாரம் நமக்கு எட்டாத துறை என்று எண்ணும் இளைஞர்கள் இதை மறத்தலாகாது.

நம் அரசியல் சட்டத்தின் 292-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் சட்டத்தால் விதிக்கும் வரம்பிற்குள் மைய அரசு கடன் பெறலாம் என்கிறது. 293-ஆம் பிரிவின்படி மாநில அரசு நாட்டிற்குள் மட்டுமே கடன் பெறலாம். ஆகவே, தமிழ்நாட்டின் திட்டத்திற்கு வரும் உலக வங்கிக் கடனும் மைய அரசின் வழியாகவே வருகிறது. கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் எவை என்பதை இப்பிரிவுகள் நமக்குக் காட்டுகின்றன.

கடன் எல்லாம் தீது என்பதும் நம் கருத்தன்று. 1980-இல் உலக வங்கிக் கடனுடன் தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஊரைச் சேர்ந்த பெண் ஊழியர்கள் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தனர். எடை தளர்ந்த குழந்தைக்குத் தொடர்ந்து 90 நாள் சத்துணவு அளித்து, தாய்க்கு அறிவுரையும் கூறினர். கடும் ஊட்டக்குறை கணிசமாகக் குறைந்தது. கடன் தாயின் மடிக்கு எட்டிய திட்டம் அது.

மறுபுறம், நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைக்கு 1985-இல் அதே வங்கி 45 கோடி டாலர் வழங்க இசைந்தது. நிலம் இழக்கவிருந்தோருள் பெரும்பகுதியினர் பழங்குடி மக்கள். அவர்களைக் கேட்டு எவரும் திட்டம் தீட்டவில்லை. அம்மக்கள் அணிதிரண்டு போராடியதன் விளைவாக, வங்கியே பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் தனி ஆய்வுக்குழுவை அமர்த்தியது. மறுவாழ்வுப் பணி முறையாக நடைபெறவில்லை என்று அக்குழு 1992-இல் கூறியது. 1993-இல் எஞ்சிய கடனை இந்திய அரசே வேண்டாமென்றது. அணை பின்னர் கட்டி முடிக்கப்பட்டது. பலருடைய துயர் தீரவில்லை. ஆயினும் அப்போராட்டத்தின் விளைவாக ஒன்று நிலைத்தது. வங்கியின் திட்டத்தால் தீங்குற்றோர் இருவர் சேர்ந்தாலும் நேரே முறையிடக்கூடிய ஆய்வு மன்றம் ஒன்றை வங்கி 1993-இல் ஏற்படுத்தியது. உலகின் எந்த மூலையிலுள்ள ஏழைக்கும் அக்கதவு இன்று உரியது. அதைத் திறந்தவர்கள் நருமதைக் கரையின் பழங்குடியினர்.

இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த இளைஞர்களே! தான்சானியாவின் கட்டணமும் நருமதையின் கதவும் நமக்கு உணர்த்துவது இதுவே. நிபந்தனை என்பது தலையெழுத்தன்று. அது மனிதர் எழுதியது. படித்து, கூடி, கேட்கும் மனிதரால் மாற்றி எழுதப்படக்கூடியது. நம் முன்னோர் கைநாட்டு வைத்த பத்திரத்தைப் படிக்க அன்று அவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. நமக்கு அக்குறை இல்லை. உலக வங்கியின் திட்ட ஆவணங்கள் பெரும்பாலும் இன்று வெளியிடப்படுகின்றன. நாடுகள் நிதியத்திற்கு எழுதும் கடிதங்களும் பெரும்பாலும் வெளியிடப்படுகின்றன. அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பது தடையாகாது.

ஆதலால் நம் கழகத்தின் படிப்பகத்தில் ஒரு பணியைத் தொடங்குமாறு வேண்டுகிறோம். பொருளியலும் வணிகவியலும் பயிலும் மாணவர்கள், நம் மாவட்டத்தில் கடன் நிதியால் நடைபெறும் ஒரு திட்டத்தையேனும் எடுத்துக்கொள்ளட்டும். அதன் ஆவணத்தைப் படித்து, எளிய தமிழில் சுருக்கி எழுதி, மாதக் கூட்டத்தில் வாசிக்கட்டும். மூன்று கேள்விகளுக்கு அதில் விடை தேடட்டும். இக்கடனின் நிபந்தனைகள் யாவை? இதன் பயன் யாரை அடைகிறது? இதனால் வீடோ நிலமோ வேலையோ இழப்போர் யார், அவர்களுக்குக் கூறப்பட்ட ஈடு கிடைத்ததா? விடையில் குறை காணின், ஊராட்சியிலும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுத்து மூலம் கேட்கட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கழகம் இது. அவ்வெழுத்து விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதோடு நின்றுவிடாமல், நாட்டின் பெயரால் எழுதப்படும் பத்திரங்களையும் படித்துக் கேள்வி கேட்கும் ஆற்றலாக வளர வேண்டும் என்று விழைகிறோம்.